ஸ்டேடியமா, விளையாட்டு மைதானமா?

(ஸ்ரீவைகுண்டத்தில் வாலிபர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



சர்க்கார் பணத்தில் ஸ்டேடியம் கட்டுவது சரிதானா என்பதைப் பற்றிப் பேசும்படி வாலிபர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இரண்டையும் கேட்கலாம். ஒரு சாரார் சொல்லுகிறார்கள்: "அண்ணாச்சி, அணைக்கட்டிலே மண்ணு மேடு தட்டிக் கிடக்கு. கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரல்லே. இதிலே ஸ்டேடியம் ஒண்ணுதான் கொறச்சலா?" இன்னொரு சாரார் சொல்லுகிறார்கள்: "ஸ்டேடியம் வந்தா ஊரு எங்கேயோ போயிரும். கடை வியாபாரம் பெருகும், மனை விலை ஏறும், பையன்களுக்கு வேலை கிடைக்கும்."

முதல் பேச்சில் நியாயமான கோபம் இருக்கிறது. இரண்டாவது பேச்சில் நியாயமான ஆசை இருக்கிறது. ஆனால் இரண்டிலும் கணக்கு இல்லை. கணக்குப் பார்க்காமல் ஸ்டேடியத்தை வரவேற்பதும் தவறு, எதிர்ப்பதும் தவறு. ஆகவே இன்று கணக்குத்தான் பேசப் போகிறோம். தூக்கம் வந்தால் மன்னிக்க வேண்டும்.

முதலில் நம் வாசலுக்கு வந்திருக்கிற விஷயத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாய் செலவில் அமைக்கப்படும் என்று 2022-ல் அறிவிப்பு வந்தது. தொகுதிக்கு ஒன்று என்றால் ஸ்ரீவைகுண்டம் தொகுதிக்கும் ஒன்று. ஓடுவதற்கு ஒரு பாதை, கபடி, வாலிபால், கோகோ முதலிய ஆட்டங்களுக்குக் களங்கள், பார்ப்பவர் உட்காரக் கொஞ்சம் படி. திட்டத்தின் சாரம் இதுதான். 234 தொகுதிகளுக்கும் சேர்த்துப் பெருக்கினால் 702 கோடி ரூபாய். இந்த 702 என்ற எண்ணைத் தோழர்கள் மனதில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

வியாபாரம் பெருகுமா?

ஸ்டேடியத்தால் ஊர் பணக்கார ஊராகிவிடும் என்பது இன்று நேற்று வந்த பேச்சல்ல. அமெரிக்காவில் ஐம்பது அறுபது வருஷமாக இதே பேச்சைச் சொல்லித்தான் நகரசபைகளின் கஜானாவைத் திறந்திருக்கிறார்கள். அங்கே பந்தாட்ட அணிகள் பெரிய முதலாளிகளின் சொந்தச் சொத்து. "எனக்கு ஸ்டேடியம் கட்டிக் கொடுக்கிறாயா, அல்லது அணியை வேறு ஊருக்குக் கொண்டு போகட்டுமா?" என்று அணியின் சொந்தக்காரர் கேட்பார். நகரசபை நடுங்கிப்போய்க் கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டிக் கொடுக்கும். டிக்கெட் வசூல் அவருக்கு. கடனுக்கு வட்டி ஜனங்களுக்கு.

இதனால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று அந்த நாட்டுப் பொருளாதார நிபுணர்களே ஆராய்ந்தார்கள். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் என்ற இருவர் தொகுத்து 1997-ல் புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட புத்தகம் இவற்றில் பிரசித்தமானது. இவர்கள் நம் கட்சிக்காரர்கள் அல்ல. பல ஊர்க் கணக்குகளைப் பரிசீலித்த பிறகு, போட்ட பொதுப்பணத்துக்குத் தக்க வருமானத்தைத் தந்த ஸ்டேடியம் ஒன்றைக்கூட அவர்களால் எடுத்துக் காட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன.

ஏன் இப்படி? காரணம் நமக்குத் தெரியாத சூட்சுமம் ஒன்றுமில்லை. ஒரு கூலித் தொழிலாளி மாதம் ஐந்நூறு ரூபாய் பொழுதுபோக்குக்கு ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்கினால், அந்த மாதம் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போகமாட்டார். ஸ்டேடிய வாசலில் பரோட்டா சாப்பிட்டால், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பரோட்டாக் கடையில் சாப்பிடமாட்டார். ஒரு கடைக்காரர் கல்லாவிலிருந்து இன்னொரு கடைக்காரர் கல்லாவுக்குப் பணம் இடம் மாறுகிறதே தவிர, ஊரில் புதுப் பணம் முளைப்பதில்லை. வெளியூர்க்காரர் வந்து செலவழித்தால் புதுப் பணந்தான். ஆனால் அது வருஷத்தில் நாலு நாள். மீதி முந்நூற்று அறுபத்தொரு நாளும் வாட்ச்மேனும் தெருநாயும் மட்டுமே. மனை விலை ஏறுகிறது என்றால், மனை வைத்திருப்பவருக்கு லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு?

சில ஊர்களின் கதையைக் கேளுங்கள். கனடாவில் மாண்ட்ரீல் நகரம் 1976 ஒலிம்பிக் பந்தயத்துக்காகப் பிரமாண்டமான ஸ்டேடியம் ஒன்றைக் கட்டிற்று. இரண்டு வாரப் பந்தயம். கடன் அடைந்து முடிந்தது 2006-ல்! முப்பது வருஷம். புகையிலைக்குத் தனி வரி போட்டு அடைத்தார்கள். அதாவது பந்தயத்தைப் பார்க்காதவன், பந்தயம் நடந்தபோது பிறந்தேயிராதவன், சிகரெட் வாங்கும்போதெல்லாம் அந்த ஸ்டேடியத்துக்குக் கப்பம் கட்டினான். அத்தோடு விட்டதா? கூரை திரும்பத் திரும்பக் கிழிந்தது. 2024-ல் அந்தக் கூரையை மாற்ற மட்டும் 87 கோடி கனடா டாலர் செலவழிக்கப் போவதாக அந்த மாகாண சர்க்கார் அறிவித்தது.

பிரேஸில் நாட்டில், அமேசான் காட்டு நடுவில், மனாவுஸ் என்று ஒரு பட்டணம். 2014 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அங்கே நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் கட்டப்பட்டது. உலகக் கோப்பையில் அங்கே நடந்த ஆட்டங்கள் நான்கே நான்கு. உள்ளூர் அணிகளின் ஆட்டத்துக்கு அதில் ஒரு மூலை நிறைய ஆள் சேருவதே அபூர்வம்.

தூர தேசம் வேண்டாம். புன்னைக்காயலில் நம் ஆறு கலக்கிற அந்தக் கடலுக்கு அக்கரையில் இலங்கை. அம்பாந்தோட்டை ஜில்லாவில் சூரியவெவ என்ற இடத்தில் முப்பத்தையாயிரம் பேர் உட்காரும் கிரிக்கெட் ஸ்டேடியத்தை 2009-ல் திறந்தார்கள். அப்போதைய ஜனாதிபதியின் சொந்த ஜில்லா அது. ஸ்டேடியத்துக்குச் சூட்டப்பட்ட பெயரும் அவருடையதுதான். 2011 உலகக் கோப்பையில் அங்கே இரண்டு ஆட்டங்கள் நடந்தன. அந்த உலகக் கோப்பைக்காக ஸ்டேடியங்கள் கட்டியதில் இலங்கைக் கிரிக்கெட் நிர்வாகம் பெருங்கடனில் மூழ்கிற்று. பிற்பாடு சூரியவெவ ஸ்டேடியம் கல்யாண வைபவங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டதாகச் செய்தி வந்தது. கல்யாண மண்டபத்தின் மேல் நமக்கு விரோதம் இல்லை. ஆனால் அதற்கு முப்பத்தையாயிரம் நாற்காலி எதற்கு?

டில்லியின் ஒரே ஸ்டேடியம், மூன்று கதை

நம் நாட்டுக்கு வருவோம். டில்லியில் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் என்று ஒன்று உண்டு. 1982 ஆசியப் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டது. அந்தப் பந்தயத்துக்காக டில்லியில் நடந்த கட்டட வேலைகளுக்கு ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒரிஸ்ஸா முதலிய மாநிலங்களிலிருந்து ஏழைத் தொழிலாளிகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்போது சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜனநாயக உரிமைக்காகப் பாடுபடும் அமைப்பொன்று இதைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு போயிற்று. நீதிபதி பகவதி 1982 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னார். குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து தடை செய்கிற கட்டாய உழைப்பே என்பது அந்தத் தீர்ப்பு. இன்று இந்தியாவில் எந்தத் தொழிற்சங்கக்காரரும் கூலி வழக்கில் எடுத்துக் காட்டும் தீர்ப்பு அது. ஸ்டேடியத்தால் நாட்டுக்கு லாபம் உண்டா என்று யாராவது கேட்டால், இந்தத் தீர்ப்பு ஒரு லாபம் என்று சொல்லலாம். கட்டியவர்கள் நினைத்த லாபம் இதுவல்ல.

இரண்டாவது கதை. 2010-ல் காமன்வெல்த் பந்தயம். அதே ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க ஆன செலவு 961 கோடி ரூபாய். புதிதாகக் கட்டவில்லை, புதுப்பித்தார்கள். பந்தயம் தொடங்கச் சில நாட்கள் இருக்கையில், ஸ்டேடியத்தையொட்டிக் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்து தொழிலாளிகள் காயமடைந்தார்கள். தொழிலாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று டில்லி ஹைகோர்ட் நியமித்த குழு இம்முறையும் கண்டது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்திய தீர்ப்பு அலமாரியில் இருந்தது. கூலி ஜமேதார் பையில் இருந்தது.

எல்லாவற்றையும்விட நம்மைப் போன்ற தாலுகாக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பந்தயச் செலவுக்காக டில்லி சர்க்கார், ஷெட்யூல்டு வகுப்பு மக்களின் நலனுக்கென்று ஒதுக்கிய துணைத்திட்ட நிதியிலிருந்து அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிவிட்டது. அது தவறு என்று அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரமே 2010-ல் ராஜ்யசபையில் ஒப்புக்கொண்டார். சேரிக்குப் போக வேண்டிய பணம் ஸ்டேடியத்துக்குப் போயிற்று. பந்தயம் முடிந்து வாணவேடிக்கையும் அணைந்தது.

மூன்றாவது கதை 2025 நவம்பரில் வந்தது. அந்த ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தில் "விளையாட்டு நகரம்" ஒன்றைக் கட்டப் போகிறார்கள் என்று மத்திய விளையாட்டு இலாகா வட்டாரத்திலிருந்து செய்தி! 961 கோடி போட்டுப் பதினைந்து வருஷந்தான் ஆகியிருந்தது.

இப்போது முடிந்து வைத்த 702-ஐ அவிழுங்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் ஒவ்வொரு சிறு விளையாட்டரங்கம் கட்ட 702 கோடி. டில்லியில் ஒரே ஒரு ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 961 கோடி. அதுவும் 2010-ம் வருஷத்து ரூபாயில். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு யோசித்தால், "ஸ்டேடியம் நல்லதா கெட்டதா" என்ற கேள்வியே பிசகான கேள்வி என்று தெரியும். இரண்டும் ஒரே பெயரில் வருகிற இரண்டு வெவ்வேறு பண்டங்கள். ஒன்று, ஜனங்கள் பார்ப்பதற்காக, அதுவும் டெலிவிஷனில் பார்ப்பதற்காகக் கட்டுவது. இன்னொன்று, ஜனங்கள் விளையாடுவதற்காகக் கட்டுவது. 2030 காமன்வெல்த் பந்தயம் ஆமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவாகியிருக்கிறது. அதற்கு மேல் 2036 ஒலிம்பிக்கையும் கேட்கிறார்கள். அந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் சோதித்துப் பார்க்க உதாரணம் உண்டு. மதுரை ஜில்லாவில் அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் 62 கோடியே 78 லட்ச ரூபாயில் ஜல்லிக்கட்டுக்கென்று ஓர் அரங்கம் கட்டி, 2024 ஜனவரியில் திறந்தார்கள். கட்டடம் நேர்த்தியாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2025 பொங்கலுக்கும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மாடுகள் அந்தந்த ஊர் வாடிவாசலில்தான் அவிழ்க்கப்பட்டன. ஊர் ஜனங்கள் தங்கள் திருவிழாவைத் தங்கள் தெருவிலிருந்து பெயர்த்துக் கொடுப்பார்களா? அந்தப் பணத்தில் இருபது தொகுதிகளுக்குச் சிறு விளையாட்டரங்கம் அமைத்திருக்கலாம்.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் உங்களில் பலர் ஓடி விளையாடிய இடம். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் புதுப்பித்தார்கள். 2023-ல் அடித்த ஒரு சூறைக்காற்றில் காலரியின் மேற்கூரை சரிந்து போயிற்று. ஆடுகளம் அப்படியே இருந்தது. விழுந்தது காலரிக் கூரை. பணம் அதிகம் விழுங்குவதும், முதலில் கெட்டுப்போவதும், கண்டிராக்டருக்கு ருசியாக இருப்பதும் காலரிதான். மண்தரை அப்படி எளிதில் இடிந்து விழாது.

கிரிக்கெட் ரசிகர்களான தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாடு பிரிமியர் லீக் ஆட்டங்கள் திருநெல்வேலிக்கு வந்தபோது தாழையூத்து சங்கர்நகரில், சிமெண்ட் கம்பெனியின் சொந்த மைதானத்தில் நடந்தன. கம்பெனிக்காரர் தம் நிலத்தில், தம் பணத்தில் ஆட்டம் நடத்தினால் நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? நம் வாதமெல்லாம், தனியார் லாபம் சம்பாதிக்கிற ஆட்டத்துக்குப் பொதுப்பணத்தில் மேடை போட்டுக் கொடுக்கக்கூடாது என்பதுதான்.

மண் மேவிய அணைக்கட்டும் மைதானமும்

இனி முதல் சாராரிடம் வருவோம். "அணைக்கட்டைத் தூர் வாராமல் மைதானம் எதற்கு?" என்கிறார்கள். நம் அணைக்கட்டு 1873-ல் வேலை முடிந்தது. தாமிரபரணியில் கடைசி அணைக்கட்டு. வடகாலும் தென்காலும் பாய்ந்து 25,560 ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. மண்ணை அள்ளுவது பற்றி 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் எண்ணூறு பிரயாணிகளோடு நம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. சர்க்கார் வந்து சேருவதற்கு முன்னால் அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் புதுக்குடி ஜனங்கள். தங்கள் வீட்டில் தண்ணீர் நிற்கையில் ஆக்கிப் போட்டார்கள்.

ஆகவே வாய்க்காலும் கரையும் முதல் தேவை என்பதில் தகராறு இல்லை. ஆனால் மூன்று கோடி மைதானத்தை வேண்டாம் என்று நாம் எழுதிக் கொடுத்தால், அந்த மூன்று கோடி அணைக்கட்டுக்கு வந்துவிடுமா? வராது. விளையாட்டு இலாகாப் பணம் பாசன இலாகாவுக்கு நடந்து வராது. பக்கத்துத் தொகுதிக்குப் போகும், அல்லது கஜானாவிலேயே தூங்கும். "இது வேண்டுமா, அது வேண்டுமா?" என்று ஏழைகளைப் பார்த்து மட்டுமே கேட்கிறார்கள். ஆமதாபாத்தைப் பார்த்து யாரும் கேட்பதில்லை. நாம் இரண்டையும் கேட்போம். ஒன்று மட்டும் உஷாராகப் பார்க்க வேண்டும். டில்லியில் நடந்தது போல, ஆதிதிராவிடர் நல நிதியிலிருந்தோ, வெள்ள நிவாரணத்திலிருந்தோ இந்தப் பணம் எடுக்கப்பட்டதாக இருக்கக்கூடாது. அப்படி இருந்தால் அந்த மைதானத்தில் நம் பிள்ளைகள் கால் வைப்பதே அவமானம்.

வெள்ளத்திலிருந்து இன்னொரு யோசனையும் பிறக்கிறது. கட்டப்போகிற கட்டடம் எதுவானாலும் அதன் தளம் 2023 வெள்ளம் வந்த அளவுக்கு மேலே இருக்கட்டும். கழிப்பறையும் குடிதண்ணீரும் அங்கேயே இருக்கட்டும். நல்ல காலத்தில் பிள்ளைகளுக்கு ஆட்டக்களம், கெட்ட காலத்தில் ஜனங்களுக்கு மேட்டு நிலம். இதற்கு எந்த வெளிநாட்டு நிபுணரும் தேவையில்லை.

மைதானம் ஏன் வேண்டும்?

லாபம் வராது என்றால் பின் ஏன் மைதானம் கேட்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும். நூல்நிலையத்தால் என்ன லாபம் வருகிறது? பள்ளிக்கூடத்தில் டிக்கெட் விற்கிறோமா? வாலிபனின் உடம்பும் மனதும் திடமாக இருப்பது வருமானக் கணக்கில் அடங்காத தேவை. நம் பள்ளத்தாக்கில் அதைவிட அழுத்தமான காரணம் ஒன்றும் இருக்கிறது.

இது சடுகுடு மண். மணத்தி கிராமத்திலிருந்து புறப்பட்ட கணேசன், 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் பந்தயத்தில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் ஆடினார். 1995-ம் வருஷத்து அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி நம் பக்கத்துக்காரரான மாரி செல்வராஜ் எடுத்த "பைசன்" படம் 2025 தீபாவளிக்கு வந்தது. உங்களில் பார்க்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள். கணேசனை எந்த ஸ்டேடியமும் உண்டாக்கவில்லை, ஊர் மண்தான் உண்டாக்கிற்று என்று சிலர் பெருமையாகச் சொல்லுகிறார்கள். பெருமைதான். ஆனால் அந்த ஊர் மண் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? கோயில் திடல் ஒரு தெருவுக்கு, குளத்தங்கரை இன்னொரு தெருவுக்கு. இவன் ஆட வந்தால் அவன் முறைப்பான், அவன் ஜெயித்தால் இவன் கருவுவான். எத்தனை கணேசன்கள் திடலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வயல் வேலைக்குத் திரும்பிப் போனார்கள் என்பதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது?

2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனை, ஷெட்யூல்டு வகுப்புப் பிள்ளையை, பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வெட்டியதாகப் பிடிபட்டவர்களும் வாலிபப் பிள்ளைகளே.

தோழர்களே, ஒரு மைதானம் ஜாதியை ஒழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் பொய் சொல்கிறார். ஆனால் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத ஓர் இடம், சர்க்கார் புறம்போக்கில், பஸ் ஏறி எல்லோரும் வந்து சேரக்கூடிய இடத்தில், வெளிச்சத்தோடும் பயிற்சியாளரோடும் இருந்தால், இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆட ஒரு சந்தர்ப்பமாவது உண்டாகும். எதிரெதிராக மட்டுமே சந்தித்தவர்கள் ஒரு பக்கமாக நின்று மூச்சுப்பிடிப்பார்கள். இந்த லாபத்தை ஸிம்பலிஸ்ட் கணக்கில் தேட வேண்டியதில்லை.

நடக்கக்கூடிய காரியமா? நடந்திருக்கிறது. நம் ஜில்லாவிலேயே கோவில்பட்டியைப் பாருங்கள். தீப்பெட்டித் தொழிலாளிகளின் ஊர். அங்கே ஹாக்கி மட்டையைப் பிடிக்காத தெரு இல்லை. செயற்கைப் புல்தரை மைதானமும், விளையாட்டு விடுதியும், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுக்கிற ஆட்களும் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்கு ஆடிய இந்திய அணியில் மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் என்ற இருவரும் கோவில்பட்டியில் பயின்றவர்கள். அங்கே பணம் புல்தரைக்கும் விடுதிக்கும் போயிற்று, பளிங்கு முகப்புக்குப் போகவில்லை. சென்னைக் கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் நடுவிலிருந்து குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்ட இடம் அது. அங்கே கபடி பழகிய ஒரு பெண், 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளைஞர் பந்தயத்தில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினாள். யாழ்ப்பாணத்தில் துரையப்பா மைதானம் 1997 முதல் உபயோகமில்லாமல் கிடந்தது. இந்தியா கொடுத்த 7 கோடி ரூபாயில் செப்பனிட்டு 2016-ல் திறந்தார்கள். இருக்கை 1,850 தான். சூரியவெவயின் முப்பத்தையாயிரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாவி யாரிடம்?

கட்டி முடித்த பிறகுதான் உண்மையான செலவு தொடங்குகிறது. 3 கோடி ஒரு தடவை. வாட்ச்மேன் சம்பளம் மாதாமாதம். மின்சார பில் மாதாமாதம். புல் வெட்ட, கழிப்பறை கழுவ, பல்பு மாற்ற, எல்லாம் மாதாமாதம். திறப்பு விழாக் கல்வெட்டில் இந்தச் செலவை யாரும் பொறிப்பதில்லை. பேரூராட்சி தலையில் கட்டிவிட்டால், அது தண்ணீர் வரியில் கை வைக்கும். ஆகவே பராமரிப்புப் பணம் எந்த இலாகாவின் பட்ஜெட்டில், எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை எழுத்து மூலமாக வாங்க வேண்டும்.

பயிற்சியாளர் விஷயம் அதைவிட முக்கியம். 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை வருஷமாகச் சென்னையில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நாடறிந்த விஷயம். பிள்ளைகளுக்கு விசில் ஊதிச் சொல்லிக் கொடுக்கிறவரை ஐயாயிரத்துக்கு வைத்துவிட்டு, படிக்கட்டுக்குக் கோடி கொடுப்பது எந்த ஊர் நியாயம்? காலரியில் இரண்டு வரிசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண் பயிற்சியாளரையும் ஒரு பெண் பயிற்சியாளரையும் நிரந்தரச் சம்பளத்தில் போடுங்கள்.

நேரமும் ஒரு பிரச்னை. டில்லியில் 2010 பந்தயத்துக்குக் கட்டிய தியாகராஜ் ஸ்டேடியத்தில், மாலை ஏழு மணிக்கே வீரர்களை வெளியே அனுப்பிவிடுகிறார்கள், ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி தம் நாயோடு உலாவுவதற்காக என்று 2022-ல் ஒரு பத்திரிகையில் புகார் வந்தது. அதிகாரி மறுத்தார். ஆனாலும் அவர் லடாக்குக்கு மாற்றப்பட்டார். டில்லி சர்க்கார் ஸ்டேடியங்களையெல்லாம் இரவு பத்து மணிவரை திறந்து வைக்க உத்தரவு போட்டது. நாய் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. கேள்வி சாவியைப் பற்றியது. நம் ஊரில் வாழைத் தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகிற வாலிபன் வேலை முடிந்து வரும்போது மணி ஏழு. காலை பத்து முதல் மாலை ஐந்துவரை திறந்திருக்கும் மைதானம் அவனுக்கு மைதானமே அல்ல. பெண் பிள்ளைகளுக்கோ வெளிச்சமும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும், பஸ்ஸும் இல்லாவிட்டால், எத்தனை கோடி போட்டாலும் வேலிக்கு வெளியேதான்.

கலெக்டருக்குக் கொடுப்பதற்கு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். இடம் புறம்போக்கில், பஸ் வழியில் இருக்க வேண்டும். காலரியைச் சுருக்கி, களத்தை விஸ்தரிக்க வேண்டும். கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்குச் சட்டப்படி கூலி கொடுத்த பதிவேட்டை ஊராருக்குக் காட்ட வேண்டும். இரவு பத்து மணிவரை விளக்கு எரிய வேண்டும். பயிற்சியாளர்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும். தளம் வெள்ள அளவுக்கு மேலே இருக்க வேண்டும். இவையெல்லாம் அதில் எழுதியிருக்கின்றன. நிர்வாகக் கமிட்டியில் யார் யார் இருப்பது, சாவி யாரிடம் இருப்பது என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும், பெண்கள் பாதிக்குப் பாதி வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் பெயர்களை நாங்கள் எழுதக்கூடாது. இப்போது மணி எட்டு ஆகிறது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மைக்கைக் கீழே கொடுக்கிறோம். கருங்குளத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கிற தோழர்கள் சீக்கிரம் புறப்பட வேண்டியவர்கள். அவர்கள் முதலில் பேசட்டும்.